சம்பங்கி மணத்தில் வருபவள்

குனோங் லேடாங் மலையின் மேலே ஒரு தோட்டம் இருந்ததாகவும், அங்கே பூக்கள் பாடியதாகவும் 'செஜாரா மெலாயு' என்ற பழைய மலாய் வரலாற்று நூல் சொல்கிறது. மலாக்காவின் சுல்தான் மஹ்மூட் ஷா அந்த மலையின் இளவரசியைப் பெண் கேட்டு ஆள் அனுப்புகிறார். போனவர்களில் வீரர் ஹங் துவாவுக்கு வயதாகிவிட்டது, ஏற முடியவில்லை. துன் மாமாட் ஒரு சிலரோடு ஏறுகிறார். காற்றில் மூங்கில்கள் இசைக்கின்றன. தோட்டத்துக்குள் கால் வைத்ததும் பறவைகள் ஒலிக்க, கனி மரங்கள் சிரிக்க, பன்னீர்ப்பூ எதிர்ப்பாட்டுப் பாடுகிறது. இதுவரை அழகுதான். சற்றுத் தள்ளி ஒரு மண்டபம். அதன் சாமான் எல்லாம் எலும்பு. கூரை வேய்ந்திருப்பது தலைமுடியால். உள்ளே உட்கார்ந்திருக்கும் மூதாட்டி பரிசப் பட்டியலைச் சொல்கிறாள்: மலாக்காவிலிருந்து மலைவரை பொன்னாலும் வெள்ளியாலும் பாலம், ஏழு தட்டு கொசுவின் ஈரல், ஒரு சாடி கண்ணீர், கடைசியில் ஒரு கிண்ணம் சுல்தானின் ரத்தம், ஒரு கிண்ணம் அவர் மகனின் ரத்தம்.

1563-இல் மலாக்காவிலேயே பிறந்த இமானுவல் கொதின்ஹோ டி எரேடியா 1613-இல் போர்த்துகீசிய மொழியில் எழுதிய மலாக்கா வரலாற்றிலும் இந்த இளவரசி வருகிறாள். அங்கே அவள் குகையில், மனித எலும்புகளால் அலங்கரித்த கட்டிலில் கிடக்கிறாள். மூங்கில் புதர்களுக்குள்ளிருந்து இனிய குரல்கள் கேட்கின்றன, காட்டைப் புலிகள் காவல் காக்கின்றன. தமிழ் வாசகருக்கு இது அறியாத ஊர் அல்ல. மலைச்சாரலில் பூச்சூடி ஆடும் சூரரமகளிரைத் திருமுருகாற்றுப்படை காட்டுகிறது. பெண், மலை, பூ, அச்சம் என்ற நான்கும் நம் இலக்கியத்திலும் பிரியாமல்தான் வருகின்றன.

குனோங் லேடாங் 1,276 மீட்டர் உயரம். மலாக்கா, ஜொகூர் எல்லையில் நிற்கிறது. அதன் அடிவாரத்தில்தான் புக்கிட் ஆசஹான் தோட்டம். தான் சாய் யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டுப் பார்த்தார். அதைத் தொடர்ந்து புக்கிட் ஆசஹானில் பெரிய அளவில் நட்டார். மலாயாவின் வணிக ரப்பரே இங்கிருந்துதான் கிளம்பியது. அந்த மரங்களைச் சீவத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்து லயங்கள் என்னும் வரிசை வீடுகளில் குடியேறினார்கள். அவர்களோடு மோகினியும் முனியும் வந்தார்கள். எலும்பு மண்டபத்தின் நிழலில் ஏற்கெனவே, பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்களின் பேய்கள் என மலாய்க்காரர் நம்பிய பொந்தியானாக்கும் லங்சுயிரும் குடியிருந்தார்கள். இரு கூட்டமும் சந்தித்த இடங்களில் பூக்களைப் பற்றி என்ன அச்சங்கள் நிலைத்தன, எந்தப் பூவில், ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் தோன்றும் விடை, பார்க்கவே கோரமான பூக்களைத்தான் மக்கள் அஞ்சுவார்கள் என்பது. மலாய் உலகில் அதற்குப் பஞ்சமில்லை. 1818-இல் சுமத்ராவின் பெங்கூலுவில் ஆங்கிலேய ஆட்சியாளர் ராஃபிள்ஸுடன் சென்ற மருத்துவர் ஜோசஃப் ஆர்னால்டு, இலையும் தண்டும் இல்லாமல் தரையில் கிடந்த, ஒரு மீட்டர் அகலம் வரை விரியும் பூவைக் கண்டார். அழுகிய இறைச்சியின் நாற்றம், மொய்க்கும் ஈக்கள். அதே ஆண்டு ஆர்னால்டு காய்ச்சலில் இறந்தார். பூவுக்கு அவர் பெயரும் ராஃபிள்ஸின் பெயரும் சேர்ந்து நிலைத்தன. 1878-இல் அதே தீவில் பெக்காரி என்ற இத்தாலியர் ஆளுயரத்தையும் தாண்டி நிற்கும் பிணநாற்றப் பூவைப் பதிவுசெய்தார்.

அதன் நெருங்கிய உறவு நம் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது: சேனைக்கிழங்கு. ஒரு நாள் காலையில் இலை எதுவும் இல்லாத வெறும் மண்ணைப் பிளந்துகொண்டு, கத்தரிக்காய்த் தோலின் கருஞ்சிவப்பில் ஒரு மடல் வெளிவரும். விளிம்பு சுருண்டு மடிந்திருக்கும். நடுவில் மூளைபோல நெளிந்த குமிழ். பொழுது சாய்ந்தால் அந்தக் குமிழ் உடம்புச் சூடு போலக் கதகதப்பாகும். செத்த எலியின் வாடை கிளம்பி வண்டுகளை இழுக்கும். சமையலறைச் சன்னல்வரை அந்த வாடை எட்டும்.

இத்தனை இருந்தும் சேனைப்பூவில் பேய் இல்லை. நாற்றம் தாங்காமல் வெட்டி எறிவார்கள், அடுத்த பருவத்தில் அதே கிழங்கைப் புளி விட்டுக் குழம்பு வைப்பார்கள். ரஃப்லேசியாவின் கதை இன்னும் வியப்பானது. மலாய்க்காரர்களும் ஓராங் அஸ்லி மக்களும் அதன் மொட்டைப் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு மருந்தாகக் கொடுத்தார்கள், உதிரப்போக்கு நிற்கவும் கருப்பை சுருங்கவும். பிணம்போல நாறும் பூ தாயைக் காக்கும் பூவாக இருந்தது.

அப்படியானால் பேய் எங்கே இருக்கிறது? வெள்ளையாக, மணமாக, நாம் சாமிக்கும் மணமகளுக்கும் சூட்டுகிற பூக்களில் இருக்கிறது. செண்பகத்தின் மணம் ஆளில்லாத இடத்தில் திடீரென வந்தால் பொந்தியானாக் பக்கத்தில் இருக்கிறாள் என்பது மலாய்க் கிராமங்களான கம்பங்களில் பரவலான நம்பிக்கை. கெம்போஜா மரப்பூவின் மணத்துக்கும் அதே பொருள். அந்த மரம் முஸ்லிம் கல்லறைகளில் வரிசையாக நிற்பதால் அச்சம் இரட்டிப்பு. 'ஹாரும் சுண்டால் மாலாம்' என்று அவர்கள் அழைக்கும் பூ நம் சம்பங்கிதான். கல்யாண மாலையில் தடித்த சரமாகக் கோத்துக் கட்டுகிறோமே, அதே பூ. 2004-இல் ஷுஹைமி பாபா இயக்கிய பொந்தியானாக் படத்தின் தலைப்பிலேயே அது இருக்கிறது.

தமிழர் பக்கமும் கணக்கு இதேதான். உச்சி வேளையிலும் விளக்கு வைத்த பிறகும் மல்லிகை வைத்துக்கொண்டு மரத்தடிப் பக்கம் போகக் கூடாது என்று வளர்த்த பாட்டிகள் எல்லாத் தோட்டத்திலும் இருந்தார்கள். மோகினி வருவதற்கு முன் மல்லிகை மணமும் கொலுசுச் சத்தமும் வரும் என்பார்கள். கேரளத்து யட்சி குடியிருக்கும் ஏழிலைப்பாலை மரம் மலேசியாவில் பூலாய். இங்கும் அது பேய் மரமே. பாலித் தீவில் அந்த மரத்தில்தான் ரங்டா என்ற சூனியக்காரியின் முகமூடியைச் செதுக்குகிறார்கள். மொழியும் மதமும் வேறான மூன்று கரைகளில் ஒரே மரத்தின்மீது ஒரே அச்சம் படிந்திருப்பதற்கு மரத்தின் குணத்திலும் ஒரு காரணம் இருக்க வேண்டும்.

இருக்கிறது. இந்தப் பூக்களில் பலவும் வெளிர் நிறமும் குழல் வடிவமும் கொண்டு, பொழுது சாய்ந்த பிறகு மணப்பதெல்லாம் இரவில் பறக்கும் பெரிய விட்டில்களை அழைப்பதற்காக. பகலில் அருகில் போய் முகர்ந்தாலும் லேசாக இருக்கும் மணம், இரவில் தூரத்திலிருந்தே வந்து மோதும். மரம் கண்ணுக்குத் தெரியாது, மணம் மட்டும் வரும். கெம்போஜா இன்னும் ஒரு படி மேலே. அதன் குழலில் தேன் கிடையாது. மணத்தை நம்பி வந்த விட்டில் பூவுக்குப் பூ ஏமாந்து அலைகிறது, அந்த அலைச்சலில் மகரந்தச் சேர்க்கை நடந்துவிடுகிறது. மணத்தால் அழைத்து ஏமாற்றும் ஒருத்தியின் கதையை இந்தப் பூவில் ஏற்றியவர்கள் தாவரவியல் படித்தவர்கள் இல்லை. ஆனால் அவர்கள் பார்த்ததில் பிழையில்லை.

தோட்டத்து மக்களுக்கு இந்த மணம் நெருக்கமாகக் கிடைத்தது வேலை நேரத்தால். வெயில் ஏறினால் கித்தா என்னும் ரப்பர் மரத்தில் பால் குறையும். அதனால் பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கு இருட்டிலேயே முடிந்து, விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்தாக வேண்டும். ஒரு நிரைக்கு ஓர் ஆள், அடுத்த ஆளின் விளக்கு எங்கோ மினுங்கும். கம்பத்து எல்லையை ஒட்டிய நிரை என்றால் மலாய்க் கல்லறை அருகில் இருக்கும். இலை உதிர்ந்து, முட்டி முட்டியாக வீங்கிய சாம்பல் நிறக் கிளைகளின் நுனியில் மட்டும் பூத்து நிற்கும் கெம்போஜாவை அந்த வெளிச்சத்தில் பார்த்த பெண் பயந்தாள் என்றால் அதில் மூடத்தனம் இல்லை. கிளையை ஒடித்தால் வெள்ளையாகப் பால் வடியும். நாள் முழுவதும் மரத்தில் பால் எடுப்பவளுக்கு அது தன் மரத்தின் கெட்ட சகோதரி போலத் தோன்றியிருக்கும். தாவரவியலில் கெம்போஜாவும் பூலாயும் நம் அரளியும் ஒரே குடும்பம், கித்தா வேறு குடும்பம்.

ஆனால் உயிரியல் பாதி விடைதான். இருட்டில் மணக்கும் பூ திடுக்கிட வைக்கும், சரி. அது ஏன் ஒரு பெண்ணாக வருகிறது? அதுவும் ஏன் பெரும்பாலும் பிள்ளைப்பேற்றில் செத்த பெண்ணாக?

இங்கே பூக்களின் வயதைப் பார்க்க வேண்டும். செண்பகமும் பூலாயும் இந்தப் பகுதிக்கே உரியவை. கெம்போஜா நடு அமெரிக்காவிலிருந்து வந்தது. சம்பங்கி மெக்சிகோவின் செடி. இரண்டும் ஐரோப்பியக் கப்பல்கள் உலகைச் சுற்றத் தொடங்கிய பிறகே ஆசியக் கரைகளுக்கு வந்தவை. மலாக்காவைப் போர்த்துகீசியர் பிடித்தது 1511-இல். அதற்கு முன் இங்கு செத்தவர்களின் தலைமாட்டில் கெம்போஜா நின்றிருக்க முடியாது. ஆகவே பேய் பூவில் பிறக்கவில்லை. அவள் முன்பே இருந்தாள், புதிதாக வந்த வெள்ளைப் பூ ஒவ்வொன்றிலும் குடியேறினாள். இதை நான் இக்கட்டுரையின் மையமாகவே கருதுகிறேன். பூக்களைத் தேடி ஆராய்வதைவிட அவளைத் தேடுவதே பொருத்தம்.

அவளைப் பற்றி எழுதிய மலாக்காக்காரர்களில் முக்கியமானவர் நம் உறவுக்காரர். முன்ஷி அப்துல்லா மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்தவர். அவருடைய முன்னோர் யேமனிலிருந்து நாகூர் வந்து அங்கே மணம் முடித்தவர். மலாக்காவில் அவருடைய பாட்டியின் பெயர் பெரியாச்சி. அப்துல்லா தமிழும் கற்றவர். அவருக்கு முன் பிறந்த அண்ணன்மார் சிறு வயதிலேயே இறந்தார்கள் என்பதைத் தன் வரலாற்றிலேயே எழுதியிருக்கிறார். 1810-11-இல் ராஃபிள்ஸ் மலாக்காவில் தங்கியிருந்தபோது எழுத்தராக வேலை பார்த்த அப்துல்லா, காட்டிலிருந்து இலைகளையும் பூக்களையும் காளான்களையும் சேகரித்துவர ராஃபிள்ஸ் ஆள் வைத்திருந்ததை விவரிக்கிறார். பின்னர் பாதிரியார் மில்னுக்கு மலாய்க்காரர் நம்பும் பேய்களை விளக்கிச் சொன்னவரும் அவரே. பேய்களை அவர் நம்பவில்லை. ஆனாலும் அக்கறையாகப் பதிவுசெய்தார். ஒரே மனிதர், ஒரே ஊர், பூக்களின் சேகரிப்பும் பேய்களின் பட்டியலும். 1849-இல் அச்சான அவருடைய அந்தத் தன்வரலாறு இல்லாமல் இந்தப் பொருளைப் பற்றிப் பேசவே முடியாது. வால்டர் ஸ்கீட்டின் 1900-ஆம் ஆண்டு மலாய் மந்திர நூல் விரிவானது, ஆனால் வெளியாளின் பார்வை.

அந்தப் பதிவுகளில் கிடைக்கும் பெண் தெளிவானவள். பிரசவத்தில் இறந்தவள், அல்லது பிள்ளை செத்துப் பிறந்த அதிர்ச்சியில் இறந்தவள் லங்சுயிர் ஆகிறாள். புதிதாகப் பிள்ளை பெற்ற வீடுகளைச் சுற்றுகிறாள். பிரசவ வீட்டின் சன்னலில் கழிமுகத்து முட்செடியைக் கட்டிவைப்பார்கள். பிடரியில் ஆணி அடித்தால் மனுஷியாகிவிடுவாள் என்பதும் மக்களிடையே பரவலான நம்பிக்கை. தமிழர் வழக்கை அருகில் வைத்துப் பாருங்கள். நாம் வேப்பிலை கட்டினோம், தலையணைக்கடியில் அரிவாள் வைத்தோம். பேயோட்டியபின் உச்சி முடியைப் புளியமரத்தில் ஆணியடித்தோம். ஒன்றில் மட்டும் நாம் வேறு வழி போனோம். கருவோடு இறந்த பெண்ணுக்காகத் தமிழ்நாட்டின் சாலை ஓரங்களில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். இறக்கிவைக்க முடியாத சுமையோடு போனவள் நினைவில், வழிப்போக்கர்கள் தங்கள் சுமையை அதில் இறக்கிவைத்தார்கள். இறந்துபோன தாய்க்கு இதைவிடப் பரிவான நினைவுச்சின்னத்தை நான் அறியேன். தோட்டங்களில் அந்தக் கல்லை நட நம் மக்களுக்குச் சொந்த நிலம் இல்லை.

பூக்களிலும் இந்தத் தொடர்பு விடாமல் வருகிறது. செங்காந்தளை எடுத்துக்கொள்ளுங்கள். தீக்கொழுந்து போன்ற இதழ்கள், முருகனின் பூ, தமிழ்நாட்டின் மாநில மலர். அதன் கலப்பைக் கிழங்கில் இருக்கும் கொல்கிசின் ஆளைக் கொல்லும். அதே கிழங்கை அரைத்துப் பிரசவ வேதனையில் இருப்பவளின் உள்ளங்கையிலும் பாதத்திலும் பூசுவது பழைய நாட்டு மருத்துவம், பிள்ளை சீக்கிரம் பிறக்க. கருவைக் கலைக்கவும் அது பயன்பட்டது. அழகும் நஞ்சும் பேறுகாலமும் ஒரு கொடியில். ஊமத்தை இந்த வரிசையில் சேராது. மலாய்க்காரர் கெச்சுபோங் என்னும் அதை மயக்கிக் கொள்ளையடிக்கப் பயன்படுத்தியதைக் கிம்லெட் என்ற மருத்துவர் 1915-இல் வெளிவந்த மலாய் நஞ்சுகள் பற்றிய நூலில் எழுதியிருக்கிறார். அதைத் தின்றவர் இல்லாததை எல்லாம் பார்ப்பார். அது மருந்தியல், நாட்டார் அச்சம் வேறு.

தாழம்பூவுக்குப் பாம்பும் சிவனின் சாபமும், பவளமல்லிக்குச் சூரியனைக் காதலித்துச் சாம்பலான அரசகுமாரியும் உண்டு. அவை புராணத்தின் பூக்கள், லயத்தின் இருட்டில் அவற்றால் யாரும் பயந்ததில்லை.

இரு சமூகத்தையும் இணைத்த இன்னொரு கற்பனைப் பூவை விட்டுவிட முடியாது, அது நன்மை செய்யும் பூ என்பதால். குலேபகாவலிப் பூ குருட்டுக் கண்ணைத் திறக்கும். பாரசீகத்தில் எழுதப்பட்டு, 1803-இல் நிஹால் சந்த் லாஹோரியால் உருதுவில் வந்து, மலாயில் ஹிக்காயாத் பக்காவலியாகவும் தமிழில் நாடகமாகவும், 1955-இல் ராமண்ணா இயக்கத்தில் எம்.ஜி.ஆர். படமாகவும் பரவிய கதை. நள்ளிரவில் மலர்ந்து விடிவதற்குள் துவளும் கள்ளிப்பூவுக்கு மலாய்க்காரர் பக்காவலி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நம்மவர்கள் அதைப் பிரம்மகமலம் என்கிறார்கள். அதுவும் அமெரிக்கச் செடி, அதுவும் வெள்ளை, அதுவும் இரவில் மணப்பது. எல்லா இலக்கணமும் பொருந்தியும் பேய் அதை அண்டவில்லை. ஏற்கெனவே ஒரு நல்ல கதை அதில் குடியிருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். பூ மலரும் இரவில் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு விளக்கேற்றிக் கும்பிடுகிறார்கள்.

நகரத்துக்கும் தோட்டத்துக்கும் இடையிலான வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். மலாக்கா செட்டிகள் மலாய் பேசிக்கொண்டே சைவர்களாக நூற்றாண்டுகள் வாழ்ந்தவர்கள். அவர்களுடைய பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் 1781-இல் எழுந்தது. அங்கிருந்து முருகன் செங் சன்னாசிமலைக்கு ஊர்வலமாகப் போவது இன்றும் நடக்கிறது. அவர்கள் குடியிருந்த காஜா பேராங் வீடுகளில் தமிழ்ப் பூவும் மலாய்ப் பேயும் சந்தித்தது, தோட்டங்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே. அங்கே அது நிதானமாக நடந்த கலப்பு. தோட்டத்திலோ ஒரே தலைமுறைக்குள் நடந்தது. கப்பலில் இறங்கிய பெண்ணுக்கு ஊர் புதிது, காடு புதிது, காய்ச்சல் புதிது. மருத்துவச்சி லயத்திலேயே இருந்தால் அதிர்ஷ்டம். பிள்ளை பெற்றவள் கொஞ்ச நாளில் குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு நிரைக்குத் திரும்பினாள். போகும் வழியில் வந்த பூ மணத்துக்கு மலாய்ப் பக்கத்து வீட்டுக்காரி சொன்ன விளக்கம் அவளுக்கு உடனே புரிந்தது. இறந்துபோன அந்த வகைப் பெண் அவளுடைய லயத்திலும் இருந்தாள்.

அந்த அச்சத்துக்குத் தோட்டத்துத் தமிழர் கண்ட பதில் பெரியாச்சி என்னும் தெய்வம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மாரியம்மன் கோயில்களில் அவளுக்குத் தனிச் சன்னிதி உண்டு. மடியில் ஒருத்தியைக் கிடத்தி வயிற்றைக் கிழித்துக் குடலைக் கையில் ஏந்தி, காலடியில் அரசனை மிதித்து, பிறந்த குழந்தையை உயர்த்திப் பிடித்திருப்பாள். பொந்தியானாக்கைவிடக் கோரமான உருவம். பிறந்து முப்பது நாள் ஆன குழந்தையைத் தாய்மார் முதலில் கொண்டுவந்து காட்டுவது அவளிடம்தான். அவள் கழுத்தில் விழுவது மல்லிகையும் சம்பங்கியும் கலந்த மாலை. அக்கம்பக்கத்தில் பேயின் வருகையை அறிவிக்கும் பூவை நம் பெண்கள் பேறுகாலத்தின் காவல் தெய்வத்துக்கே சூட்டினார்கள். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. ஆனால் அச்சத்தை இவ்வளவு நேராக எதிர்கொண்ட இன்னொரு வழக்கம் இந்தப் பொருளில் எனக்குக் கிடைக்கவில்லை.

1957-இல், மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த ஆண்டில், சிங்கப்பூரின் கேத்தே கிரிஸ் நிறுவனம் 'பொந்தியானாக்' படத்தை வெளியிட்டது. நாயகி மரியா மெனாடோ. இயக்குநர், தமிழ்ப் படங்கள் சிலவற்றை இயக்கிவிட்டுச் சிங்கப்பூர் போன பி. என். ராவ். வெற்றிக்குப் பின் அவரே தொடர்ச்சிகளும் எடுத்தார். பிரசவ வீட்டைச் சுற்றியவள் அன்றிலிருந்து திரையரங்குக்கு வந்தாள். அதே பத்தாண்டில்தான் மலாயாவின் கிராமப்புறச் சுகாதார நிலையங்களும் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளும் பரவத் தொடங்கினார்கள். 1950-களின் தொடக்கத்தில் ஒரு லட்சம் பிறப்புக்குப் பல நூறாக இருந்த தாய் இறப்பு, இன்று சில பத்துகளில் நிற்கிறது. உலக வங்கி 2003-இல் வெளியிட்ட ஆய்வொன்று இந்தச் சாதனைக்கு மலேசியாவையும் இலங்கையையும் முன்மாதிரியாகக் காட்டியது. திரையில் அவள் வளர்ந்ததும் வீடுகளில் அவள் தேய்ந்ததும் ஒரே காலம் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

கித்தா போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் பல தாமான் என்னும் குடியிருப்புகளாயின, லயத்துக் குடும்பங்கள் ஜாசினுக்கும் அலோர் காஜாவுக்கும் ஆயர் குரோவுக்கும் பெயர்ந்தன. செம்பனையில் இருட்டோடு எழுந்து நிரைக்குப் போகிற வேலை இல்லை. இப்போது கெம்போஜா, பாலித்தீவு ஓட்டல்களின் புகழால், தாமான் வீட்டு வாசலில் அலங்கார மரம். இளம் தம்பதிகள் சிவப்பும் மஞ்சளுமாகத் தேர்ந்தெடுத்து நடுகிறார்கள். பாட்டிமார் மட்டும், கல்லறை மரத்தை வாசலில் வைக்காதே என்று இன்னும் தடுக்கிறார்கள். சில வீடுகளில் மரம் பின்பக்கத்துக்குப் போகிறது, சில வீடுகளில் பாட்டியின் பேச்சு எடுபடுவதில்லை.